மச்சான் சொன்ன பனி டயரும் நம்மூர் ஐப்பசி மழையும்

வாசகர் கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். இதுவரை மோட்டார் சைக்கிள்தான். நான்கு மாதங்களுக்கு முன் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் பெற்றோர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார்கள், மனைவியின் வீடு தாப்பாவில். தீபாவளிக்குள் ஒரு கார் வாங்கியாக வேண்டும். கையில் 5,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் இருக்கிறது. மாதத் தவணை 650 வெள்ளிக்கு மேல் தாங்காது. கனடாவில், மொன்ட்ரியலில் இருக்கும் என் மைத்துனர், “நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டியாகப் பார், பனிக்கால டயர் போடு, குழந்தை இருக்கையை நான் இங்கிருந்து அனுப்புகிறேன்” என்கிறார். நண்பர்களோ வெள்ளத்துக்கு உயரமான எஸ்யூவிதான் சரி என்கிறார்கள். அம்மா, “குழந்தை மடியில் இருந்தால் போதாதா?” என்று கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

தம்பி, உங்கள் மைத்துனரில் இருந்து தொடங்குகிறேன். அவர் சொன்னது அவர் ஊருக்கு முழுக்கச் சரி. கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போடுவது சட்டப்படி கட்டாயம். குளிர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போய்ச் சாலையைப் பிடிக்க மறுக்கும். பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதைக் கொண்டுவந்து நண்பகல் வெயிலில் ஜாலான் ஈப்போவில் ஓட்டினால் அந்த இளக்கமே வினையாகிவிடும். விரைவில் தேயும், பிரேக் போட்டால் வண்டி தாமதமாகத்தான் நிற்கும். சாமான் நல்லதுதான், ஊர்தான் வேறு.

நான்கு சக்கர இழுவைக்கும் இதே பதில்தான். உறைபனியில் சிக்கிய காரை நகர்த்த அது உதவும். ஓடுகிற காரை நிறுத்த அது உதவாது. நிறுத்துவது பிரேக்கும் டயரும். உங்கள் பணத்துக்கு அந்த இழுவை வீண் செலவு; எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும்.

ஆனால் அவர் கேள்வியின் அடியில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் ஊரில் சாலை வழுக்கும் காலம் ஒன்று உண்டு, அதற்கென்று தயாராகிறார்கள். நமக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. நாம் தயாராவதில்லை, அவ்வளவுதான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது தமிழ்நாட்டுப் பழமொழி என்றாலும், கோலாலம்பூருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. அக்டோபர், நவம்பரில் மாலை மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் பிள்ளைகுட்டிகளோடு வடக்கு நெடுஞ்சாலையில் இருப்பார்கள். பினாங்கை மூழ்கடித்த 2017 நவம்பர் வெள்ளமும் தீபாவளி முடிந்து சில வாரங்களில் வந்ததுதான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1998இல் என் மூத்த மகளுக்கு எட்டு மாதம். தீபாவளிக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன் இருக்கையில் மனைவி, மடியில் குழந்தை. பீடோருக்கு அருகே மழை விட்டிருந்தது, சாலையின் இடப்புறத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. அதன் மேல் ஏறியதும் ஸ்டியரிங் கையில் காற்றைப் பிடித்ததுபோல் லேசாகிவிட்டது. கார் பக்கவாட்டில் போய்த் தடுப்புக் கம்பியில் உரசி நின்றது. வேகம் அப்படி ஒன்றும் அதிகமில்லை. குழந்தையின் புருவத்தில் மூன்று தையல். பிறகு இறங்கி டயரைப் பார்த்தேன். பட்டறையில் ஊரார் காருக்கெல்லாம் டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவனின் பின் டயர்கள் இரண்டும் வழுவழுவென்று இருந்தன. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்று அவளுக்கே பிள்ளை இருக்கிறது. குழந்தை இருக்கை இல்லாத காரில் பேரனை ஏற்ற என்னை விடமாட்டாள்.

ஆகவே உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது இது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், ஏழு கிலோ குழந்தையைப் பிடித்திருக்கும் கைகளில் ஏறக்குறைய நூறு கிலோ இழுக்கும். ஒரு மூட்டை அரிசியைவிட அதிகம். அதை எந்தப் பாட்டியாலும் பிடித்து நிறுத்த முடியாது. பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவிர, 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தை இருக்கை நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம்.

இனி கார். நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும்: முதலில் குழந்தை இருக்கையை வாங்குங்கள், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்கப் போங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். கைக்குழந்தை இருக்கை பின்னோக்கி இருக்க வேண்டும். ஆர்129 என்ற ஐக்கிய நாடுகளின் புதிய பாதுகாப்புத் தரத்தின்படி குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் வைக்க வேண்டும். பின்னோக்கி வைத்த இருக்கை எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பது கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் காலி காரைப் பார்த்தால் தெரியாது. அதைப் பொருத்திய பிறகு முன் இருக்கையில் உங்கள் மனைவியை உட்காரச் சொல்லுங்கள். அவர் முழங்கால் முன்பலகையில் இடித்தால், அந்தக் கார் உங்கள் குடும்பத்துக்கு இல்லை. தாப்பா வரை தாங்குவார், பட்டர்வொர்த் வரை தாங்கமாட்டார்.

இருக்கையை எங்கே வைப்பது? பின்னால், இடப்பக்கம். நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறவர்கள். ஓரமாக நிறுத்தும்போது நடைபாதைப் பக்கத்தில் நின்று குழந்தையை ஏற்றி இறக்கலாம். நட்டநடு மழையில் லாரிகள் உரசிக்கொண்டு போகும் பக்கம் நிற்க வேண்டாம். முன் இருக்கையில், காற்றுப்பை இருக்கும் இடத்தில், பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் காற்றுப்பை இருக்கையின் முதுகிலேயே அறையும். குழந்தையின் தலை இருப்பது அங்கேதான்.

காரின் பின் இருக்கை மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கான, ஐசோஃபிக்ஸ் எனப்படும் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட வேண்டும். பெல்ட்டால் கட்டுவதும் பாதுகாப்பானதுதான், ஆனால் அதை நம்மில் பாதிப் பேர் தளர்வாகக் கட்டுகிறோம். பட்டறைக்கு வரும் கார்களில் குழந்தை இருக்கையை ஒரு கையால் ஆட்டிப் பார்ப்பது என் வழக்கம். தொட்டில்போல ஆடும். சரியாகப் பொருத்தியது ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

இப்போது உங்கள் 650 வெள்ளி. அந்தக் கணக்குக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது பெரோடுவா மைவி 1.3. நண்பர்கள் சிரிப்பார்கள், ஊரெல்லாம் அதுதான் ஓடுகிறது என்பார்கள். ஊரெல்லாம் ஓடுவதால்தான் உதிரிபாகம் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் தாப்பாவில் எஞ்சின் பெல்ட் ஒன்று அறுந்தாலும் நீங்கள் தவிக்கமாட்டீர்கள். ஆனால் நான் அதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் மலிவான வகையிலிருந்தே நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறது. பெரோடுவாக்காரர்கள் அதை விஎஸ்சி என்பார்கள், மற்றவர்கள் இஎஸ்சி என்பார்கள். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் திசையும் கார் உண்மையில் போகும் திசையும் வேறாகும்போது, அது தானாகவே தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுக் காரை வழிக்குக் கொண்டுவரும். 1998இல் எனக்கு இல்லாமல் போனது அது. உங்கள் மைத்துனர் நான்கு சக்கர இழுவையில் தேடுவது எதுவோ, அதை நம் மழைச் சாலையில் கொடுப்பது இதுதான். வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். தொடுதிரை சிறியதாக இருக்கட்டும், சக்கரம் 14 அங்குலமாக இருக்கட்டும். 14 அங்குல டயர் விலையும் குறைவு. மாற்றும்போது மனம் கோணாது.

மைவியின் குறை பின்பெட்டி. 277 லிட்டர்தான். தள்ளுவண்டியை வைத்தால் தீபாவளிப் பலகாரத்துக்கு இடமிருக்காது. அதே நிறுவனத்தின் பெஸ்ஸாவில் 508 லிட்டர், இரண்டு தள்ளுவண்டிகளை விழுங்கும். ஆனால் பெஸ்ஸாவில் காற்றுப்பை இரண்டுதான், மலிவான 1.0 வகையில் நிலைப்புக் கட்டுப்பாடும் இல்லை. பெட்டிக்காகப் பெஸ்ஸா வாங்குவதென்றால் அது இருக்கும் 1.3 வகையாகவே வாங்க வேண்டும். புரோட்டோன் சாகாவிலும் இதையே பாருங்கள்: உங்கள் விலைக்கு வரும் வகையில் இஎஸ்சி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். “எல்லாம் இருக்கிறது அண்ணே” என்ற பதிலை ஏற்காதீர்கள். வாய்ப்பு இருந்தால் மடக்கக்கூடிய சிறு தள்ளுவண்டிக்கு மாறிக்கொண்டு மைவியை எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கணக்கையும் போட்டுவிடுவோம். புது மைவி 1.3 ஏறக்குறைய 46,500 வெள்ளி, காப்புறுதி சேராமல். உங்கள் 5,000 போக 41,500. ஒன்பது ஆண்டு கட்டினால் வட்டிக்கு முன்பே மாதம் 384, ஏழு ஆண்டு கட்டினால் 494. ஒன்பது ஆண்டுதான் மலிவுபோலத் தெரியும். ஒன்பதாம் ஆண்டில் உங்கள் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருப்பாள், நீங்கள் இன்னும் இந்தக் காருக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏழு ஆண்டைக் கேளுங்கள். வட்டி சேர்ந்தும் 650க்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். சாலை வரி 1.3 லிட்டருக்கு ஆண்டுக்கு 70 வெள்ளிதான். ஒரு வங்கியோடு நின்றுவிடாமல் இரண்டு, மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

எஸ்யூவி? பெரோடுவாவின் அதீவாவே 60 ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். உங்கள் தவணைக்கு வராது, விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியமான ஒன்றை நண்பர்கள் சொல்லவில்லை. உயரமான காரில் உட்கார்ந்தால் வெள்ளம் சிறியதாகத் தெரியும். அந்தத் துணிச்சலில்தான் இறங்குகிறார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய பிறகு, இழுத்து வரப்பட்ட கார்களில் எல்லா உயரமும் இருந்தன. என் விதி எளியது. முன்னால் போகும் காரின் சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறினால் நான் திரும்பிவிடுவேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் முன்புறம் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் போனால் எஞ்சின் நின்றுவிடும். அப்போது சாவியைத் திருப்பி மீண்டும் கிளப்பக் கூடாது. நின்ற எஞ்சினைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தண்ணீரோடு கிளப்பிய எஞ்சினில் உள்கம்பி வளைந்துவிடும், அதற்குப் பிறகு என் பட்டறையில் எவ்வளவு அழுதாலும் பயனில்லை.

காப்புறுதி எடுக்கும்போது வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். விரிவான காப்புறுதி என்ற பெயரைப் பார்த்து வெள்ளமும் அதில் அடங்கும் என்று நினைத்தவர்கள்தான் 2021இல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

ஒருவேளை பயன்படுத்திய மைவியையே பார்ப்பதாக இருந்தால், 2018க்குப் பிந்தையதாகப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி, வாசனைத் தெளிப்பான் அடித்து விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றை வாங்கிவந்து, மூன்றாம் மாதத்தில் ஜன்னல் கண்ணாடி தானாக இறங்குகிறது என்று என்னிடம் வந்தார். கதவைப் பிரித்தபோது உள்ளே காய்ந்த சேறு. பின் இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே வெளுத்தும் நுனியில் மண்ணிறமாகவும் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, விளக்குக்குள் தண்ணீர்க் கோடு, கால்விரிப்புக்கு அடியில் ஈரவாடை, நான் சொன்ன ஐசோஃபிக்ஸ் வளையத்தில் துரு: இவற்றில் ஒன்று போதும். உரிமை மாற்றத்துக்குச் செய்யும் வாகனச் சோதனையை நம்பிவிடாதீர்கள், அது வெள்ளக் கதையைத் தோண்டிக் கொடுக்கும் சோதனை இல்லை. தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

எந்தக் காரானாலும், சாவியை வாங்கிய அன்றே டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் வெயிலில் கிடந்த டயர், பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் செத்துப்போயிருக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் அனுமதிக்கிறது. குழந்தை ஏறும் காரென்றால் 3 மில்லிமீட்டரிலேயே நான் மாற்றச் சொல்லிவிடுவேன். சாலையில் நிற்கும் தண்ணீரை அந்தப் பள்ளங்கள்தான் வாரி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது டயர் தண்ணீர் மேல் ஏறிக்கொள்கிறது. பீடோரில் எனக்கு நடந்தது அதுதான். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறைந்ததும் டயர் மீண்டும் தரையைப் பிடிக்கும். இரண்டு டயர் மட்டும் மாற்றப் பணம் இருந்தால் புதியவை பின்னால் போகட்டும். விளக்கம் நீளமானது, நம்பிச் செய்யுங்கள்.

வைப்பர் ரப்பரை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்; நம் வெயில் அதைத் தின்றுவிடும். கடும் மழையில் நான்கு சிமிட்டு விளக்குகளையும் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் நம்மவரிடம் தொற்றுநோய்போல் இருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்விளக்கு போதும். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை ஒட்டிய ஏற்ற இறக்கத்தில் மழை பிடித்தால் இடது தடத்தில் மெதுவாகப் போங்கள். லாரிகள் திணறுகிற இடம் அது, குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தை அங்கே வரும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன்பே ஓய்விடத்தில் நிறுத்திக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மைத்துனர் ஊரில் தாய்மாருக்கு ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள்: பருத்த குளிர்ச்சட்டையோடு குழந்தையை இருக்கையில் கட்டாதே. மோதலில் சட்டை நசுங்கும், பெல்ட் தளர்ந்துவிடும். நமக்கு என்ன குளிர் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டுப் பாட்டிகள் குளிர்சாதனக் காற்று பட்டுவிடும் என்று குழந்தையைத் துண்டில் சுற்றிச் சுற்றிப் பொட்டலமாக்கி அதன் மேல் பெல்ட் போடுகிறார்கள். அதே ஆபத்துதான். மெல்லிய சட்டையோடு கட்டிவிட்டு, துண்டைப் பெல்ட்டுக்கு மேலே போர்த்துங்கள். வெயிலில் நின்ற காரில் ஏற்றுவதற்கு முன் பெல்ட்டின் உலோகக் கொக்கியை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், சுடும். குழந்தை தூங்குகிறதே என்று ஐந்து நிமிடம்கூடக் காரில் தனியே விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.

மைத்துனரின் அன்பளிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் கனடாவில் வாங்கும் இருக்கை நல்லதாகவே இருக்கும். ஆனால் அது அந்நாட்டுத் தரத்துக்குச் செய்தது. இங்கே ஏற்பது ஐக்கிய நாடுகளின் ஆர்44 அல்லது ஆர்129 தரம். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும், நம் நாட்டுச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான மைரோஸின் ஒட்டுச்சீட்டும் இருந்தால் இன்னும் நல்லது. எனவே இருக்கையைக் கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், அதன் விலையை அனுப்பட்டும். மீதி வந்தால் பின் டயர் இரண்டு வாங்கிவிடலாம். மருமகளுக்கு மாமன் போட்ட சீராக இருக்கட்டும்.